விதைக்கு விட்ட ஐந்து கத்தரிக்காய்கள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், மொத்தக் காய்கறிக் கடைக்காரன், ஒன்பது வருடமாக உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவன், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அதாவது, அவள் சுகம். நான் சாப்பிடுகிறேன், கடைக்குப் போகிறேன், மற்றபடி கண்ணாடியில் முகம் பார்ப்பதைத் தவிர்த்து வருகிறேன். சவரம்கூட உத்தேசமாகத்தான் செய்துகொள்கிறேன், அதனால் மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டு. அங்கே உங்கள் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று அடுத்தவர் வாய்வழியாகக் கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம்.

நான் வியாபாரி. சரக்கின் மேல் சாக்கைப் போட்டு மூடிவைத்து விலை பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தோட்டத்தில் சிவப்புத் துணி கட்டி ஐந்து கத்தரிக்காய்களை விதைக்கு விட்டிருந்தீர்களே, அவற்றைப் பறித்தவன் நான்தான். ஐந்தையும். காவல்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. எஜமானி அம்மாவுடைய அண்ணன் என்று நம்பிக் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நீங்கள் திரும்பி வந்து மொட்டைக் காம்பைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த விஷயம் என் வாயிலிருந்தே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான், கடைக்கு வந்த ஆட்களை 'அப்புறம் வாங்க' என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் உங்கள் அக்கா முறையாகும் என் வீட்டுக்காரி. நான்கு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெரிய துணிப்பையை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்குச் சந்தேகம் வந்து பின்னாலேயே போனேன். பார்த்தால், பள்ளி மைதானத்தில் புதிதாகப் போட்டிருக்கிற விவசாயிகள் சந்தையில் நின்று தக்காளி வாங்கிக்கொண்டிருக்கிறாள்! முப்பத்திரண்டு வருடம் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவனுடைய பெண்டாட்டி! எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். அங்கேயே ஓரமாகக் கூப்பிட்டு, "நம்ம கடையில மலையாட்டம் கொட்டிக் கிடக்கு, இங்க வந்து எதுக்குடி வாங்குற?" என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "நம்ம கடையில தக்காளி பெட்டி கணக்குலதான இருக்கு? இங்க அந்தத் தம்பி ஒரு தக்காளிய கையில எடுத்து, இது நேத்து சாயங்காலம் பறிச்சதுக்கா, இன்னைக்கே செஞ்சிடுங்கன்னு சொல்லிக் குடுக்குறான். இத்தன வருஷத்துல நீங்க ஒரு காயப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?" என்றாள். வியாபாரி சும்மா இருப்பானா, சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் பேரம் பேசவில்லை. கோணல் கேரட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பூச்சி அரித்த கீரையை மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார்கள். என் கடையில் நாங்கள் பொறுக்கிக் கழிக்கிற சரக்கு அங்கே ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. அப்போது வந்தது எனக்கு அந்தப் புத்தி. வராமலே இருந்திருக்கலாம்.

அந்தச் சந்தையில் விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்று சட்டம். விண்ணப்பத்தில் 'உங்கள் தோட்டம் எங்கே' என்று கேட்டிருந்தார்கள். 'குடும்ப நிலம்' என்று எழுதி, உங்கள் தோட்டத்து விலாசத்தைப் போட்டேன். எழுதும்போது கூச்சமே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், வந்ததெல்லாம் பிற்பாடுதான். கடையில் இருபது வருடமாகத் தரம் பிரிக்கிற அம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை சந்தைக்காக சனிக்கிழமை மட்டும் தலைகீழாப் பிரிக்கணும். பூச்சி கடிச்சது, கோணல், சொத்தை எல்லாம் மேல. பளபளப்பு எல்லாம் அடியில" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?" என்றாள். "சொன்னதைச் செய்ம்மா." "சரிங்க, செய்றேன். இன்னைக்கு வந்த கத்தரிக்காயில ஒரு ஓட்டைகூட இல்லையே, அதுக்கு என்ன பண்ண? நான் வேணா உக்காந்து கடிச்சு வைக்கட்டுமா?" கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உருளைக்கிழங்குக்கு ஈர மண்ணைப் பூசச் சொன்னேன். லாரிக்காரர்கள் மண்ணைக் கழுவிவிட்டுத்தான் கொண்டு வருவார்கள், நான் மறுபடி பூசினேன். இதற்குத் தனியாக மண் மூட்டை வேறு வாங்கினேன், மாப்பிள்ளை.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பழைய வேட்டி, தலையில் துண்டு, கையில் கொஞ்சம் மண். வருகிறவரிடமெல்லாம், "போன வாரம் வாங்கிட்டுப் போன பீன்ஸ் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்பேன். அது தொழில் தந்திரம், வேறொன்றுமில்லை. என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் வந்தவள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவள் போல அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அப்புறம்தான் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பக்கம் தெரிந்தது: பருவத்துக்கு ஒரு முறை, விற்கிறவர் தன் வாடிக்கையாளர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் என் வாடிக்கை. அவர்தான் கழுத்தைப் பிடித்தார். "எல்லாரும் காட்டிட்டாங்க. நீங்க எப்ப காட்டப் போறீங்க?" நீங்களும் தங்கையும் மகள் வீட்டுக்குப் போயிருப்பது தெரிந்ததும், "வர்ற ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சதுமே போலாம்" என்றேன். பதினோரு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். காவல்காரர் வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

அங்கே என் கதி என்ன ஆயிற்று தெரியுமா? கண்ணைக் கட்டிவிட்டு கையில் ஒரு காயைக் கொடுங்கள், என்ன ரகம், பறித்து எத்தனை நாள், எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிக்குள் வந்து சேர்ந்த காய். அதற்கு இலை உண்டு என்பதை இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கு பார்த்தாலும் பச்சை. எது என்னவென்றே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், "இது என்ன செடிங்க?" என்றார். "முள்ளங்கி" என்றேன், குரலைத் தாழ்த்தாமல். "ஒண்ணு பிடுங்கிக் காட்டுங்களேன்." பிடுங்கினேன். வேரைத் தவிர அதில் ஒன்றுமில்லை. "இன்னும் காலம் வரல" என்று சொல்லி அதே குழியில் நட்டுவிட்டேன். அது ஏதோ கீரை என்று பின்னால் தெரிந்தது. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் உங்கள் ஐந்து கத்தரிக்காய் என் கண்ணில் பட்டன. நல்ல வேளை, கத்தரிச் செடியில் காய் தொங்கியது, அது ஒன்றாவது அடையாளம் தெரிந்தது. ஆனால் என்ன காய்! முற்றிப் பழுத்து, மஞ்சளாகி, தோல் தடித்துப்போய். எங்கள் கடையில் அப்படி ஒரு காய் பெட்டிக்குள் இருந்தால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பிவிடுவோம். என் வாடிக்கையாளர்கள் முன்னால் இப்படிப் பழைய சரக்கு தொங்குகிறதே என்று எனக்கு மானம் போனது. தலைமையாசிரியையும் அதே நேரத்தில் பார்த்துவிட்டார். "இது மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?" வாயில் வந்தது, "அது தங்கக் கத்தரிம்மா. ரொம்ப அபூர்வம்." "துணி எதுக்குக் கட்டியிருக்கு?" "உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சது." சொல்லிய வாய்க்கு நியாயம் செய்ய வேண்டாமா? வேன்காரரிடம் கத்தியை வாங்கி ஐந்தையும் அறுத்து ஐந்து பேர் கையில் கொடுத்தேன். கிடைக்காத ஆறு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் பெருமையாக நடந்தேன், மாப்பிள்ளை. சந்தையில் முதலிடம் பிடித்தவன் மாதிரி நடந்தேன்.

வேன் போன பிறகு கணக்கெல்லாம் முடிந்தது என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன். காவல்காரர் வந்தார். செடியைப் பார்த்தார். குனிந்து காம்பைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, இத யாரு பறிச்சது?"

"நான்தான். முத்திப்போச்சே, தூக்கிக் குடுத்துட்டேன்."

"அது விதைக்கு விட்டதுங்க."

எனக்குப் புரியவில்லை. விதை கடையில் பொட்டலத்தில் கிடைக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார், தோட்டத்திலேயே நல்லதாக இருக்கிற செடியில் முதல் காயை விட்டுவைப்பீர்களாம், தின்ன மாட்டீர்களாம், விற்க மாட்டீர்களாம். "பதினெட்டு வருஷமா இதே விதைங்க. எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடுவாரு, இத மட்டும் தொட விடமாட்டாரு. நான்கூட தொட்டதில்ல." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் மதியம் ஐந்து வீட்டு விலாசத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஐந்து காயையும் மீட்டுவிட வேண்டும், குறைந்தது விதையையாவது. முதலில் தலைமையாசிரியை. அவர் பொரித்துச் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "பயங்கரக் கசப்பு!" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. "அப்பவே தெரிஞ்சுபோச்சு, சுத்தமான சரக்குன்னு. இனிச்சிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்." போகட்டும், சந்தைக்கு ஏன் வருகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "நாப்பது வருஷம் கேள்வி கேட்டே பழகிட்டேங்க. வீட்டுல இப்ப யாரு பதில் சொல்றா? உங்க சந்தையிலதான் நான் ஒரு கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்றாங்க." நான் சொன்ன பதில்களை எல்லாம் ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தங்கக் கத்தரியைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, சமைப்பதற்கு மனம் வராமல் மேசை மேல் வைத்திருந்தாராம். ஆஹா என்று கையை நீட்டினேன். அதற்குள் அவர் மனைவி, "அழுகல் வாடை வருதுன்னு காலையில நான் குப்பையில போட்டுட்டேன்" என்றாள். இரண்டு பேரும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். அதில் ஒரு உண்மை வெளியே வந்தது. மேல்மாடி வீட்டுக்காரர்கள் அந்தச் சந்தைப் பையோடு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் இவரும் வாங்க ஆரம்பித்தாராம். "காய் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, பை தெரியணும் இவருக்கு" என்றாள் அந்தம்மா. நான் கீழே போய்க் குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டேன். துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து, "என்னங்க தொலைச்சீங்க, மோதிரமா?" என்று பரிவோடு கேட்டார். "கத்தரிக்காய்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டடி தள்ளி நின்றார். தொட்டியைக் காலையிலேயே வண்டி வந்து காலி செய்துவிட்டதாம்.

மூன்றாவது வீட்டில் ஆளே இல்லை. காய் வெளியூர் போய்விட்டதாம், யாரோ சொந்தக்காரருக்குப் பரிசாக. நான்காவது, லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தனியாக இருக்கிறவர். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அத்தனையும் என்னிடம் வாங்கியது. இரண்டு மாதச் சரக்கு. வாடியது, நீர் விட்டது, பூசணம் பூத்தது. "எனக்கு சமைக்கவே தெரியாதுங்க" என்றார். அப்புறம் ஏன் வாரா வாரம் வாங்குகிறீர்கள்? "போன வாரம் பீன்ஸ் எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேப்பீங்கல்ல? வாரம் பூரா எங்கிட்ட வேற யாரு கேக்குறா? பதில் சொல்லணுமேன்னு வாங்குவேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். பொய்தாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க." என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், மாப்பிள்ளை! அவருடைய தங்கக் கத்தரி, குக்கரில் எப்படி வைப்பதென்று தெரியாமல் வைத்து, கரியாகிக் கிடந்தது.

ஐந்தாவது வீடு ஒரு தையல்காரப் பெண்ணுடையது. முன்னறையில் மிஷின், பின்னறையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருக்கிற கணவர். அந்தப் பெண் என் கடைக்கு வந்து எதையும் பேசியதில்லை, பொறுக்கியதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகும். அன்றுதான் காரணம் சொன்னது. "மருந்தடிக்காததா குடுத்தா நல்லதுன்னு எனக்கா ஒரு எண்ணங்க. அவருக்கு மட்டும் உங்ககிட்ட வாங்குவேன். எனக்கு தெருமுனை கடையிலதான்." தெருமுனைக் கடைக்குச் சரக்குப் போடுகிறவன் யார்? நான்தான். ஒரே லாரியில் வந்த காயை இரண்டு இடத்தில் வாங்கி, இரண்டு சட்டியில் சமைத்திருக்கிறது அந்தப் பெண். அவருக்கு விதை ஆகாதென்று கத்தரிக்காயின் விதையை எல்லாம் வழித்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது, தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று. அதைக் கேட்டேன். எதற்கு என்றது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் ஒன்று இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன், தோட்டம் என்னுடையதில்லை, காய் மொத்தக் கடைக் காய், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் மிஷினை நிறுத்தியது. பிறகு அந்தப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்ப இதுவும் பொய்யா?" என்று கேட்டது.

"இல்லம்மா. இது ஒண்ணுதான் நெசம்" என்றேன்.

பாதியை எனக்குக் கொடுத்தது. பாதியை அதுவே வைத்துக்கொண்டது. நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீங்கள் என் கடைக்கு ஒரு மூட்டை கத்தரிக்காய் கொண்டு வந்தீர்கள். எல்லார் முன்னிலையிலும் அதைத் தரையில் கவிழ்த்து, காலால் புரட்டி, "இந்த ஓட்டைக் காயை மாட்டுக்குப் போடலாம், மனுஷனுக்கு விக்க முடியாது" என்றேன். நீங்கள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூட்டைக்குள் போட்டுக்கொண்டு போனீர்கள். அதே ஓட்டைகளைத்தான் இந்த இரண்டு மாதமும் தேடித் தேடி மேலே அடுக்கினேன். அன்றைக்கு நீங்கள் பொறுக்கியபோது நான் குனிந்து ஒரு காயைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. கத்தரிக்காய் விஷயத்தைவிட அதுதான் இப்போது உறுத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும். சந்தைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் இனி ஓர் உண்மையான விவசாயி உட்காரட்டும். லிஃப்ட் மெக்கானிக்கிடம் மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, வாரம் ஒரு தடவை அவர் வீட்டுக்கே போய்ப் பீன்ஸ் வைக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எனக்கும் தெரியாது, சேர்ந்து கற்றுக்கொள்வோம்.

மீட்ட விதை இத்துடன் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி தேறும். பதினெட்டு வருடத்தில் என்னால் காப்பாற்ற முடிந்தது இவ்வளவுதான். உங்களுக்கு என் வணக்கம், தங்கைக்கு என் அன்பு, உங்கள் மகளுக்கும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேத்திக்கும் மனசு நிறைய ஆசி.

இப்படிக்கு,
தலை குனிந்த
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட உங்கள் மகள் வீட்டுக் கதவு எண் தெரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டேன். கதவு எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள். பிறகு சிரிக்கிறாள்! "ஏண்ணே, ஒரு வருஷத்து விதைய மட்டும் நம்பி எவனாவது விவசாயம் பண்ணுவானா? மூணு வருஷத்து விதை மூணு டப்பாவுல பரண் மேல இருக்கு." சரி, அந்த மட்டுக்கும் நல்லது. "மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்மா, நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன். "அவருக்கு அன்னைக்கே தெரியும்ணே. நீங்க தோட்டத்த விட்டுக் கெளம்பின உடனே காவல்காரர் போன் பண்ணிட்டாரு." போயே போயிற்று. விதை நஷ்டமும் இல்லை, சேதி புதிதும் இல்லை. மேலே எழுதிய இத்தனை பக்கமும் வீண். "அப்ப இந்த லெட்டரக் கிழிச்சிடவா?" என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லலண்ணே. ஆனா அன்னையிலருந்து யாரு கதவத் தட்டினாலும் அவரே எந்திரிச்சுப் போய்த் தொறக்குறாரு" என்றாள்.

அதனால் தபாலில் போடவில்லை. இந்த வரிகளை உங்கள் மகள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டார். இந்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் வெளியே வந்து, சரிதானா என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.